நீர் தூணுக்குக் கீழ்ப்படியும் வேகம்

12 அக்டோபர் 1981, திங்கள்

எங்கள் அலுவலகம் கணக்கில் ஆட்களைச் சேர்ப்பதில்லை. மறதி இல்லை, பழக்கம். தூணின் இரும்புக்கு எடை உண்டு. தூணுக்குள் நிற்கும் நீருக்கு எடை உண்டு. நாளை வந்து ஒட்டப்போகும் சிப்பிக்குக்கூட எடை உண்டு. மேலே ஏறி வேலை செய்கிறவனுக்கும் அவன் சாமானுக்கும் பூஜ்யம். "தற்காலிகச் சுமை" என்று அதற்கு ஒரு கௌரவமான பெயர்.

காலையிலிருந்து மழை. துளை அட்டைப் பெட்டியை இரண்டு பிளாஸ்டிக் பையில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு ராபின்சன் ரோடு கம்ப்யூட்டர் மையத்துக்கு. ஓர் அட்டைக்கு ஒரு வரி. ஈரம் பட்டால் கம்ப்யூட்டர் மென்று துப்பிவிடும். நான் நனைந்தால் பரவாயில்லை. செருப்பு போச்சு.

வேலை இதுதான்: மேற்கே ஒரு தீவில் எண்ணெய்க் கப்பல்களுக்குத் துறை கட்டுகிறார்கள். கடலுக்குள் உருளையான இரும்புத் தூண்கள். மேலே உத்தரம் வந்து ஒன்றோடொன்று இணைக்கும்வரை ஒவ்வொன்றும் தலை கட்டப்படாமல் தனியாக நிற்கும். நீரோட்டத்தில் அவை ஆடுமா? "ஆபத்தாக ஆடாது" என்று தலைமைப் பொறியாளர் சிவநாதன் (இனி சி.) போன மாதமே கையெழுத்துப் போட்டுவிட்டார். அதையே நுணுக்கமான மாதிரியில் ஓட்டி, அறிக்கைக்குப் பின்னால் ஒட்ட அழகான படம் எடுத்துக் கொடுப்பது என் பங்கு. பட்டம் வாங்கியது ஒட்டு வேலைக்கு.

14 அக்., புதன்

மழை இல்லை. புழுக்கம்.

இன்று முதல் முறையாக அது ஓடியது. எழுதிவைக்காமல் இருக்க முடியவில்லை.

தூணை மேலிருந்து கீழ்வரை துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டையும் சுற்றி நீரை விட்டிருக்கிறேன். முழு நீரையும் இல்லை, அதற்கு இந்த ஊரில் இருக்கும் எல்லாக் கம்ப்யூட்டரும் போதாது. தூணின் விளிம்பிலிருந்து பிரியும் சுழிகளை மட்டும் புள்ளிகளாக. ஒவ்வொரு புள்ளியும் மற்ற எல்லாப் புள்ளியையும் தள்ளும். தூணையும் தள்ளும். தூண் நகரும். நகர்ந்தால் அடுத்த சுழி பிறக்கும் இடம் மாறும். அவ்வளவுதான் நான் சொல்லிக் கொடுத்தது.

காகிதத்தில் முதலில் புள்ளிகள் இரண்டு பக்கமும் சமமாகக் கிளம்பின. பிறகு ஒரு பக்கம் கொஞ்சம் முந்தியது. பிறகு மறுபக்கம். இடம், வலம், இடம், வலம். எந்த அட்டையிலும் நான் அப்படி எழுதவில்லை. எழுதியவள் நான், எனக்குத் தெரியும். யாரும் சொல்லாமல் அதுவாகவே நடக்கக் கற்றுக்கொண்டதுபோல இருந்தது.

கவுன்டர் அக்கா, சீனப் பெண், "மிஸ், வை யூ க்ரையிங்?" என்றாள். அழவில்லை. ஏர்கான்.

திரும்பும் வழியில் பெரிய கால்வாயில் யாரோ செருகிவிட்டுப்போன துடைப்பக் கட்டை. முந்தின நாள் மழை நீர் அதைச் சுற்றி இடம், வலம், இடம், வலம். இவ்வளவு காலம் இந்தக் கால்வாயைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போனேன். ஒரு நாள்கூடப் பார்த்ததில்லை. நின்று பார்த்துக்கொண்டே பஸ்ஸை விட்டேன்.

தூணில் ஆட்டம் கொஞ்சம்தான். சி.யின் அறிக்கை சொல்வதுபோலவே. அவருக்குச் சந்தோஷம்.

18 அக்., ஞாயிறு

மாதா கோயிலில் தமிழ்ப் பூசை. பிரசங்கம் நீளம், மைக் கரகர. பிறகு அண்ணனோடு தேக்கா சந்தை. ஆட்டிறைச்சி, கறிவேப்பிலை, அம்மாவுக்குத் தைலம். எங்கே பார்த்தாலும் தீபாவளிக் கூட்டம்.

அண்ணன் அந்தத் துறையில்தான் வெல்டர். அவன் வேலைக்கு அதிகாலையில் லாரி, பிறகு படகு. என் வேலைக்கு பஸ், லிஃப்ட். ஒரே தூண். நேற்றுவரை இரண்டு பேரும் இதைப் பற்றி ஒழுங்காகப் பேசியதே இல்லை என்பது நினைக்க வெட்கம்.

கோப்பிக் கடையில் (தூணை அவர்கள் 'பைல்' என்பார்கள்):

"என்ன, மேடம். எங்க பைலுக்கு நாடி புடிச்சுப் பாத்துட்டீங்களா?"

"பாத்தாச்சு. ஆடாதாம்."

"யாரு சொன்னா ஆடாதுன்னு? போன வாரம் பெரிய தண்ணி ஓடுச்சுல்ல, பௌர்ணமிக்கு. லேசா உதறுச்சு. பயப்படுற மாதிரி இல்லலா. டீ கொட்டாது."

"எவ்வளவு நேரம் மேலயே இருப்பீங்க?"

"காலைல ஏறினா சாயங்காலந்தான். இப்ப வசதியாப் போச்சு. வெள்ளிக்கிழமை கிரேன் வச்ச பார்ஜ் படகு வந்துச்சு. வெல்டிங் செட்டு, கேஸ் சிலிண்டரு, செயின் பிளாக்கு, தண்ணி டிரம்மு, அல்லாத்தையும் மூணாம் நம்பர் பைல் மண்டையில ஏத்தி வச்சிட்டோம். தெனமும் ஏத்தி எறக்கினா பாதி நாள் போயிடும். கான்வாஸ்ல கூடாரமே போட்டாச்சு. மத்தியானம் தூங்கலாம், பாத்துக்க."

சிரித்தேன். பிறகு மனசுக்குள் கணக்கு ஓடியது. தலையில் கனம் வைத்தால் தூணின் ஆட்டம் மெதுவாகும். மெதுவானால் சுழிகள் பிறக்கும் தாளத்தோடு போய்ச் சேருமா?

"அப்ப அந்த உத்தரம் எப்ப வருது?"

"தீபாவளிக்கு அப்புறம்தான்."

மீதிக் கோப்பியைக் குடிக்கவில்லை. அவன் குடித்தான்.

19 அக்., திங்கள்

வெயில்.

மூன்றே அட்டை மாற்றினேன். தூணின் தலையில் சாமான், பலகை, நான்கு ஆட்கள். எடை போட்டேன். நீரின் வேகம்: அமாவாசை ஓட்டம். காலையில் கொடுத்தது, மாலை நாலரைக்குக் கிடைத்தது.

தூணின் தலை எங்கே இருக்கிறது என்பதை ஒவ்வொரு வரிக்கும் ஒரு நட்சத்திரக் குறியாக அச்சிடச் சொல்லியிருந்தேன். முதல் பக்கம் நடுவில் ஒரே நேர்கோடு. இரண்டாம் பக்கம் கோடு கொஞ்சம் தடித்தது. மூன்றாவதில் அலை. பிறகு அகலம், இன்னும் அகலம். கடைசியில் நட்சத்திரங்கள் காகிதத்தின் இரண்டு விளிம்பிலும் போய் ஒட்டிக்கொண்டன. அதற்கு மேல் அச்சிட இடமில்லை.

அட்டையில் பிழை என்று நினைத்தேன். கவுன்டரிலேயே உட்கார்ந்து எல்லா அட்டையையும் சரிபார்த்தேன். பிழை இல்லை. எண்களை எடுத்துப் பார்த்தேன். தலை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் கிட்டத்தட்ட தூணின் விட்டம் அளவுக்கே போய் வருகிறது. அதுவும் ஓட்டத்தின் திசையில் இல்லை. ஓட்டத்துக்குக் குறுக்கே. நீர் கிழக்கே போகிறது, இரும்பு வடக்கும் தெற்குமாக ஆடுகிறது.

அதைவிடப் பெரிய அதிசயம் இன்னொன்று. வேகத்தைக் கொஞ்சம் கூட்டிப் பார்த்தால் சுழிகளும் வேகமாகப் பிறக்க வேண்டும். பாடப் புத்தகம் அப்படித்தான் சொல்கிறது. பிறக்கவில்லை! நீர் தன் சொந்தக் கணக்கை விட்டுவிட்டது. தூண் எந்த நேரத்துக்கு ஆடுகிறதோ அந்த நேரத்துக்கே சுழி பிறக்கிறது. ஒரு கடல், ஒரு கம்பியின் தாளத்துக்கு வந்து நிற்கிறது. கொஞ்ச தூரம் மட்டும்; வேகம் இன்னும் கூடினால் உதறிவிட்டுப் போய்விடும். அந்த இடைவெளிக்குள் கீழ்ப்படிகிறது.

ஆட்டம் ஓர் அளவுக்கு மேல் வளரவும் இல்லை. அங்கே நின்றுவிடுகிறது. நிறுத்தச் சொன்னது யார்? நான் இல்லை.

எழுந்து நின்றேன். உட்கார்ந்து பார்க்கிற விஷயமாகத் தோன்றவில்லை.

அமாவாசை 27ஆம் தேதி.

20 அக்., செவ்வாய்

சி.யிடம் காட்டினேன். யாழ்ப்பாணத்துக்காரர், தாத்தா காலத்தில் மலாயா ரயில்வேக்கு வந்த குடும்பம். ஆபீஸில் ஆங்கிலம். மனம் இளகினால் மட்டும் தமிழ்.

காகிதத்தை மேசை முழுவதும் விரித்தார். பிறகு தரையில். மண்டியிட்டுப் பக்கம் பக்கமாகத் தள்ளிப் பார்த்தார். டை தரையில் இழுபட்டது.

"வடிவாயிருக்கு, பிள்ளை. சரியான வடிவு."

"சார், இது மூணாம் நம்பர் தூண். மேல ஆளுங்க இருக்காங்க."

"ஓம், ஓம். ஆனா இது மாதிரிதானே? நேர போய் அளந்து பாப்பம். நாளைக்கு."

மனிதர் நியாயமாகத்தான் பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அம்மாவுக்கு முழங்கால் வலி. லிஃப்ட் வேலை செய்யவில்லை, ஏழு மாடி.

21 அக்., புதன்

ஜூரோங்கிலிருந்து படகு. வானம் மூடாக்கு, கடல் சாது. பிறை தேய்கிற வாரம், ஓட்டம் மெல்ல.

படகோட்டி என்னைப் பார்த்துவிட்டு சி.யிடம், "பெரெம்புவான் பொலே நாயெக் கா?" பெண் ஏறலாமா என்று மலாயில் கேட்கிறான். "நாந்தான் அந்தத் தூணுக்குக் கணக்குப் போட்டவ" என்று தமிழிலேயே சொன்னேன். சிரித்தான், புரியாமல்.

சைட்டில் பெண்களுக்குக் கக்கூஸ் இல்லை. ஆண்களுக்கும் கடல்தான்.

மூன்றாம் தூண். மூன்று வாரமாக எண்ணாக என்னோடு இருந்தது. இவ்வளவு பெரியது என்று யாரும் சொல்லவில்லை. துரு வாசம். தண்ணீர்க்கோட்டில் பச்சை. மேலே பலகைத் தளம், கூடாரம். அண்ணன் மேலிருந்து எட்டிப் பார்த்து, "டாக்டரம்மா வந்துட்டாங்க, சட்டையக் கழட்டுடா பைலு" என்று கத்தினான். மேலே ஒரே சிரிப்பு. முருகேசு என்று ஒரு பையனாம், புதுசாகக் கல்யாணமானவன், அவன் குரல்தான் பெரிது.

ஆட்களை இறங்கச் சொல்லி, சாமான் இருந்தபடியே சோதனை. தூணின் தலையில் கயிறு கட்டிப் படகால் இழுத்து, சட்டென்று விடுவது. விட்டதும் அது ஆடத் தொடங்கியது. மெல்ல. கப்பல் ஒன்று தலையசைப்பதுபோல. நான் ஸ்டாப் வாட்ச்சோடு எண்ணினேன், சி.யும் தனியாக எண்ணினார். இரண்டு பேருக்கும் ஒரே விடை. கனம் ஏற்றி நான் போட்ட கணக்கின் விடை. அறிக்கையில் இருக்கும் எண் இல்லை.

பிறகு உள்ளங்கையைத் தூணில் வைத்தேன். சின்ன ஓட்டத்திலும் உள்ளே ஒரு நடுக்கம். அட்டையில் துளை போட்டு நான் எழுதியது இதோ கைக்குக் கீழே. கையை எடுக்க மனமில்லை. சி.யும் தன் கையை வைத்தார். அந்த நேரத்தில் அவரை எனக்குப் பிடித்திருந்தது. அதையும் எழுதி வைக்கிறேன்.

24 அக்., சனி

அரை நாள். பிடித்தது எல்லாம் போச்சு.

நான் கேட்டது இரண்டில் ஒன்று: சாமானை இறக்க வேண்டும். முடியாவிட்டால் அமாவாசையை ஒட்டிய மூன்று நாள் யாரும் மேலே ஏறக் கூடாது.

சி. கதவைச் சாத்தினார்.

"இஞ்ச பாரும், பிள்ளை. அறிக்கை போட்டாச்சு. என்ர கையெழுத்து. இப்ப நான் போய், இல்லை, ஆடும் எண்டு சொன்னா என்ன கேப்பினம்?"

"ஏன் முதல்ல சொல்லலன்னு கேப்பாங்க."

"ஓம். அதுதான்."

"புதன்கிழமை நீங்களே எண்ணினீங்க, சார்."

"எண்ணினன். பிழை எண்டு நான் சொல்லேல்லை. அடுத்த அறிக்கையில போடுவம். பௌர்ணமி ஓட்டமும் வந்து போனதுதானே, ஒண்டும் நடக்கேல்லையே."

"அப்ப மண்டையில சாமான் இல்ல, சார்."

"எங்கட வேலை தூணைப் பாக்கிறது. ஆக்களை மேய்க்கிறது அவையிட வேலை."

மேய்க்கிறது. வீட்டில் நாய் வளர்க்கிறார். அதற்குக்கூட நல்ல பெயர் வைத்திருக்கிறார்.

பிறகு நானே கட்டுமானக் கம்பெனியின் மேற்பார்வையாளருக்கு ஃபோன் செய்தேன். வெள்ளைக்காரர், மரியாதையான குரல். முழுவதும் கேட்டார். கிரேன் பார்ஜ் வேறு துறைக்குப் போய்விட்டது, தீபாவளிக்குப் பிறகுதான் வரும், சாமானை இறக்க வழியில்லை. ஆட்களை நிறுத்தலாம். உங்கள் தலைமைப் பொறியாளர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், உடனே நிறுத்துகிறேன் என்றார். ஒரு வார்த்தை.

திரும்பிப் போனேன். சி. வீட்டுக்குப் போய்விட்டிருந்தார். என் நட்சத்திரக் காகிதத்தை வெட்டி, அவர் அறைச் சுவரில் ஒட்டியிருக்கிறார். நாலு மூலையிலும் ஒழுங்காக டேப்.

25 அக்., ஞாயிறு

பூசையில் மனம் இல்லை.

அண்ணனிடம் சொன்னேன். படம் போட்டுக் காட்டினேன், இட்லித் தட்டு, தண்ணீர், விரல். கேட்டான். கிண்டல் பண்ணவில்லை, அதுவே எனக்குப் பயம்.

"செவ்வாய்க்கிழமை நீ போகாத."

"தீபாவளிக்கு நாங்க வேதக்காரங்கதான் ரீட்டா போவோம். வருசா வருசம். அவனுங்க கிறிஸ்மஸுக்கும் பெரிய வெள்ளிக்கும் நமக்காகப் போறானுங்க. லீவு நாள்ல ஆளு வேணும்னா இப்படித்தான் மாத்திக்கறது."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. தீபாவளி என்றால் அமாவாசை. பெரிய வெள்ளி என்றால் பௌர்ணமியை ஒட்டி. கடல் மிக வேகமாக ஓடும் நாட்களைத்தான் நட்புக்காக ஒருவருக்கொருவர் வாங்கிக்கொள்கிறார்கள். கேட்க ஆளில்லாமல் நிலா அவர்களுக்கு ஷிஃப்ட் போடுகிறது.

"போட் பக்கத்துல நிக்குமா?"

"லீவுல ஏது? காலைல ஏத்தி விடும், சாயங்காலம் வந்து எறக்கும்."

"அப்ப நீ போகாத, அவ்வளவுதான்."

"நான் போகலன்னா முருகேசு போவான். மூணு பேரு வேணும்னு பேரு குடுத்தாச்சு. அவனுக்குத் தலைத் தீபாவளிடி. மாமனார் வீட்ல ஜோகூர்ல ஆட்டை அறுத்து வச்சிருக்காங்க. நான் போய் அவனை, நீ ஏறுடா, எனக்குப் பயமா இருக்குன்னு சொல்லவா?"

அவன் போகாவிட்டால் இன்னொருவன். ஆளை மாற்றி என்ன? தூணுக்கு எல்லாரும் ஒரே எடை.

அம்மா உள்ளேயிருந்து, "ரெண்டு பேரும் என்னடா குசுகுசுன்னு? சாப்பாடு ஆறுது."

சாப்பிட்டோம். கறி நன்றாக இருந்தது. அவன் இரண்டு தடவை போட்டுக்கொண்டான்.

26 அக்., திங்கள்

நல்ல வெயில். சி. லீவு.

மறுபடி ஓட்டினேன், கடைசியாக ஒரு தடவை. சாமான் இருக்கட்டும், ஆட்கள் இல்லாமல். அப்போதும் ஆடுகிறது. அப்போதும் அந்தக் காகிதம் அவ்வளவு அழகு. திட்டிக்கொண்டே பார்த்தேன், பார்க்காமல் இருக்க முடியவில்லை. ஆட்டம் பெரிதாகப் பெரிதாகச் சுழிகள் இன்னும் ஒழுங்காக வரிசை கட்டுகின்றன. கடலுக்கு யார் மேலும் கோபம் இல்லை. அது தாளம் கேட்டு வருகிறது, அவ்வளவுதான். கோபம் எல்லாம் நமக்குள்ளேதான் இருக்க வேண்டியிருக்கிறது. இருக்கட்டும். என்னிடம் நிறைய இருக்கிறது.

ஐந்து மணிக்கு சி. வீட்டுக்கு ஃபோன். அவர் மகள் எடுத்தாள்: அப்பாவும் அம்மாவும் சிராங்கூன் ரோட்டில், வேட்டிக் கடையில். எந்தக் கடை? சொன்னாள். நல்ல பிள்ளை.

சிராங்கூன் ரோடு முழுக்க ஆள். கடைகளின் முன் ஐந்தடிப் பாதையில் நடக்க முடியவில்லை, ரோட்டிலும் முடியவில்லை. மல்லிகை, முறுக்கு எண்ணெய், ஒலிபெருக்கி. துவாஸ் பக்கமிருந்து வந்த லாரி ஒன்று ஆட்களை இறக்கிக்கொண்டிருந்தது, எல்லாரும் வாரிய தலை, இஸ்திரி போட்ட சட்டை. முட்டி மோதிப் போய்ச் சேர்ந்தேன்.

சி. கல்லாப் பக்கம் நின்றிருந்தார். கையில் பட்டுக் கரை வேட்டி. மனைவி இரண்டு பையோடு. என்னைப் பார்த்ததும் முகம் மாறவில்லை, கண் மட்டும்.

"என்ன பிள்ளை, இஞ்ச? சாமான் வாங்கவோ?"

"நாளைக்கு மூணு பேர் ஏறுறாங்க, சார். பக்கத்துல போட் இல்ல. நீங்க ஒரு வார்த்தை சொன்னா அவர் நிறுத்துறேன்னு சொல்லியிருக்கார்."

"பெருநாள் முடியட்டும். புதன்கிழமை வந்து..."

"புதன்கிழமைக்கு ஓட்டம் குறையுமா?"

வேட்டியின் கரையைத் தடவினார். அவர் மனைவி, "ஆர் இது?" என்றார் மெல்ல.

கல்லாவில் ஃபோன். கடைக்காரரிடம், "அண்ணே, ஒரு நிமிசம்" என்று கேட்டேன், தலையாட்டினார். எண் மனப்பாடம். சைட் ஆபீஸில் ஆறு மணிவரை ஆள் உண்டு. மணி அடித்தது. அவரே எடுத்தார், அந்த வெள்ளைக்காரர். ரிசீவரை நீட்டினேன்.

சி. வேட்டியை மடித்தார். விரித்தார். மறுபடி மடித்தார். ரிசீவரை வாங்கவில்லை.

ரிசீவருக்குள் ஹலோ, ஹலோ.

நானே பேசினேன். பெயர் சொன்னேன். நாளைக்கு மூன்றாம் தூணில் யாரையும் ஏற்ற வேண்டாம் என்றேன். யார் உத்தரவு என்று கேட்டார். பொறுமையாகத்தான் கேட்டார்.

சுருள் கம்பி நீளும் மட்டும் இழுத்து, ரிசீவரை சி.யின் முகத்துக்கு நேரே பிடித்தேன். கடையில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

"லைன்ல இருக்கார், சார். யார் உத்தரவுன்னு கேக்கிறார். சொல்லுங்க."